எந்தத் தேதி, எந்த பில்?

2025 ஜனவரி பாதியிலிருந்து மார்ச் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டில் சாயங்காலம் நான் விளக்குப் போட்டதில்லை. கடையிலிருந்து ஆறரைக்கு வருவேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வாசல் படியில் உட்காருவேன். இருட்டிய பிறகும் அப்படியேதான் இருப்பேன். மகள் டியூஷன் முடிந்து வந்து சுவிட்சைத் தட்டினால்தான் வெளிச்சம். "ஏம்மா இருட்டுல உக்காந்திருக்க?" என்று முதல் பத்து நாள் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்காமல் போனது எனக்கு உறைத்தது. உறைத்தும் எழுந்திருக்க முடியவில்லை.

அதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. கரையேறியது நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். கடலூரில் நாங்கள், மழை விட்டது, தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மேற்கே பெய்த மழையும் சாத்தனூர் அணையிலிருந்து வந்த தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் இறங்கின. எங்கள் வீடு ஆற்றங்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. இடுப்பளவு தண்ணீர், இரண்டு நாள்.

கடலூர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 2004இல் சுனாமி, 2011இல் தானே புயல், 2015இல் மழை. தண்ணீர் வடிந்ததும் துடைப்பத்தை எடுப்போம், அதுதான் இங்கே பழக்கம். நானும் எடுத்தேன். டிசம்பர் முழுக்கச் சேறு அள்ளினேன், சுவரைத் தேய்த்தேன், துணிகளை மூன்று தடவை அலசினேன். அந்த ஒரு மாதமும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கலுக்கு வாசலில் கோலம்கூடப் போட்டேன். எல்லாம் முடிந்து, இனி கழுவ ஒன்றும் இல்லை என்று ஆன அன்றைக்குச் சாயங்காலம்தான் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தேன்.

லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் இருபது வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த நாட்களிலும் வேலையில் ஒரு தப்பு வரவில்லை. கை தானாக டேலி கணக்கு மென்பொருளில் பதிந்துகொண்டே இருந்தது. மண்டைக்குள் மட்டும் வேறு ஒரு குரல். 'எல்லாம் போச்சு. எப்பவும் நமக்குத்தான் இப்படி. யாரும் எட்டிப் பார்க்கல. இனிமே ஒண்ணும் சரியாகாது.' இந்த நாலு வாக்கியம்தான் மாறி மாறி ஓடும். டீ குடிக்கும்போது ஓடும், பஸ்ஸில் ஓடும், ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அப்போதும் ஓடும்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் இருக்கிறார். பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் நேராகப் பின்வாசலுக்கே வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"தூங்கறியா?"

"பாதி ராத்திரில முழிப்பு வந்துடுதுக்கா."

"சாப்பாடு?"

"இறங்குது. ருசி தெரியல."

"செத்துடலாம்னு தோணுதா? மறைக்காத, நான் நர்ஸு."

"அய்யோ, அதெல்லாம் இல்லக்கா. பாரமா இருக்கு, அவ்ளோதான்."

"பாரம்னா எங்க? நெஞ்சுலயா, தொண்டையிலயா, தலையிலயா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எங்கே என்று நான் பார்த்ததே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ கணக்கு எழுதறவதான, தினமும் ராத்திரி கொஞ்சம் எழுதிப் பாரேன். ரெண்டு வாரத்துல மாறலன்னா நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எழுதினேன். இந்த இடத்தில் என்னைப் போலவே யாரும் தப்புப் பண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். தினமும் படுப்பதற்கு முன்னால், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டினேன். மூன்று பக்கம், நாலு பக்கம். 'மனசுவிட்டு எழுது, பாரம் குறையும்' என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. பதினெட்டு நாள் எழுதிவிட்டு முதலிலிருந்து புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் அதே நாலு வாக்கியம். ஒரு நாள் 'எல்லாம் போச்சு' முதலில் இருந்தது, மறுநாள் 'யாரும் எட்டிப் பார்க்கல' முதலில் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். படுக்கும் நேரத்தில் எழுதியதால் அதே சூட்டோடு படுத்து, தூக்கமும் முன்னைவிடக் கெட்டது.

நர்ஸ் அக்கா சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டர் நிதானமாகக் கேட்டார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், காலையில் நடங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார். நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு, "எழுதறது நல்லதும்மா. ஆனா இது எழுதறது இல்ல, அசை போடறது" என்றார்.

அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. மாடு அசை போட்டால் புல் செரிக்கும். மனம் அசை போட்டால் ஒன்றும் செரிக்காது. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற அமெரிக்க உளவியலாளர் ஆண்டுக்கணக்கில் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். மனம் சோர்ந்திருக்கும்போது அந்தச் சோர்வையே திரும்பத் திரும்ப நினைப்பவர்களுக்கு அது கூடுதல் நாள் நீடிக்கிறது, ஆழமாகவும் ஆகிறது என்று அவர் காட்டினார். பேனாவை எடுத்துவிட்டால் மட்டும் அசை போடுவது நின்றுவிடாது. தாளிலும் அசை போடலாம். நான் பதினெட்டு நாள் போட்டேன்.

மார்ச் கடைசி வாரம். கணக்கு முடிக்கும் நேரம் என்பதால் கடையில் மூச்சுவிட நேரமில்லை. அப்போது ஒரு பிளம்பிங் மேஸ்திரி வந்தார். பல வருஷ வாடிக்கை. வரும்போதே சத்தமாக வந்தார். "எப்பப் பாரு நீங்க கூடத்தாம்மா போடறீங்க. ஒவ்வொரு பில்லுலயும் எனக்குக் காசு போகுது. எல்லாம் சேர்த்தா எவ்ளோ போச்சோ" என்றார். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

இருபது வருஷத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், அதனால் கோபம் வராது. கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். "எந்த பில்லுண்ணே? எந்தத் தேதி?"

மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு எடுத்துப் போட்டார். ஈரம் பட்டு மடிந்து, மூலையெல்லாம் சுருண்ட பில்கள். ஒவ்வொன்றாக விரித்து, சப்ளை சீட்டோடு ஒத்துப் பார்த்தோம். மொத்தம் பதினான்கு. பதின்மூன்று சரியாக இருந்தன. ஜனவரி 23ஆம் தேதி பில்லில், இரண்டு இன்ச் எல்போ பத்து வாங்கியதற்குப் பன்னிரண்டு என்று போட்டிருந்தோம். எங்கள் தப்புதான். ஒன்று 38 ரூபாய், இரண்டுக்கு 76 ரூபாய். கழித்துக் கொடுத்தேன். அவர் அந்த 76 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஆயிரக்கணக்குல போச்சுன்னு நெனச்சுட்டேம்மா. ரெண்டு மாசமா தூக்கமே இல்ல" என்றார்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வழக்கம்போல மண்டைக்குள் 'எல்லாம் போச்சு' ஓடத் தொடங்கியது. உடனே, கடைக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதே குரலில் எனக்குள் ஒரு கேள்வி வந்தது. எது போச்சு? எந்தத் தேதி? எவ்வளவு?

வீட்டுக்கு வந்து புது நோட்டு எடுத்தேன். தலைப்பில் 'எல்லாம் போச்சு' என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டேன். பிறகு ஒவ்வொரு இனமாக எழுதினேன். ஃப்ரிட்ஜ், போனது, பதினோரு வருஷப் பழசு. மிக்ஸி, போனது. கிரைண்டர், மோட்டார் மாற்றியாயிற்று, ஓடுகிறது. மெத்தை இரண்டு, போனது. தையல் மெஷின், துரு ஏறியது, எண்ணெய் போட்டதும் தைக்கிறது. வீட்டுப் பத்திரம், பிளாஸ்டிக் கவரில் பீரோ மேல்தட்டில், பத்திரம். மகளின் சான்றிதழ்கள், பத்திரம். கல்யாண ஆல்பம், பாதி ஒட்டிக்கொண்டது. முருங்கை மரம், சாய்ந்தது, மறுபடி துளிர்த்திருக்கிறது. இப்படி முப்பத்தியோரு இனம் வந்தது.

முப்பத்திரண்டாவதாக, 'அப்பா நோட்டு, 27. இருப்பது 4' என்று எழுதினேன். அங்கே பேனா நின்றுவிட்டது.

அப்பா முதுநகரில் மளிகைக் கடை வைத்திருந்தார். ராத்திரி கடையைச் சாத்தியபின், கல்லாப் பெட்டியடியில் உட்கார்ந்து நாள்வழிக் கணக்கு எழுதுவார். இரண்டு குயர் நோட்டு, சிவப்புக் காலிகோ ஒட்டியது, வருஷத்துக்கு ஒன்று. அவர் போன பிறகு எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். வெள்ளத்தில் பெட்டியோடு மூழ்கின. தண்ணீர் வடிந்தபின் திறந்தால், மை கரைந்து, தாள்கள் ஒரே கட்டியாகியிருந்தன. பால் பாயின்ட் பேனாவில் எழுதிய கடைசிக் காலத்து நோட்டுகள் நாலு மட்டும் படிக்கிற நிலையில் இருந்தன. மற்ற இருபத்திமூன்றையும் அன்றைக்குச் சேற்றோடு சேற்றாக வாரிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். நின்று பார்க்கக்கூட நேரமில்லை. அதற்காக நான் அழவே இல்லை. அந்த மூன்று மாதத்தில் நான் எதற்குமே அழவில்லை.

அன்று ராத்திரி அழுதேன். ஃப்ரிட்ஜுக்கு இல்லை, மெத்தைக்கு இல்லை. அந்த இருபத்திமூன்று நோட்டுக்கு. மகள் ஓடிவந்து "என்னாச்சும்மா?" என்றாள். "தாத்தா நோட்டு போச்சுடி" என்று என்னால் சொல்ல முடிந்தது. அதுவரைக்கும் கேட்டவர்களிடமெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருந்தேன். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

சோர்ந்த மனம் மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்கிறது. கீழே ஒரு பதிவும் காட்டுவதில்லை. பதிவு இல்லாத மொத்தத்தை எந்த ஆடிட்டரும் ஏற்க மாட்டார். நான் என் மனதிடமிருந்து மட்டும் அதை மறுகேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

பிறகு தேடிப் படித்தபோது, இது என் தொழில் புத்தி மட்டும் இல்லை என்று தெரிந்தது. மார்க் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1980களிலேயே இதைக் கவனித்திருக்கிறார். ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொல்வார்கள். மற்றவர்கள் 'போன ஞாயிறு தங்கை வீட்டில்' என்று சொல்லும் இடத்தில், மனச்சோர்வில் இருப்பவர்கள் 'எப்போதும் நான் தோற்கும்போது' என்பது போலப் பொதுப்படையாகச் சொல்கிறார்கள். ஒரு நாளை, ஓர் இடத்தைப் பிடிக்க மனம் மறுக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் வேறு ஒரு ஆய்வு நடந்தது. மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் எழுதியவற்றை எண்ணிப் பார்த்தபோது 'எப்போதும்', 'ஒன்றுமே', 'முழுக்க' போன்ற மிச்சம் வைக்காத சொற்கள் மற்றவர்கள் எழுத்தைவிட அதிகமாக இருந்தன. என் பதினெட்டு நாள் நோட்டை எடுத்து ஒரு பக்கத்தில் 'எல்லாம்' என்ற சொல்லை எண்ணினேன். பதினொன்று.

இப்போது என்னிடம் எழுத்துப் பயிற்சி என்று யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். மண்டையில் ஓடும் பெரிய வாக்கியத்தை மேலே எழுதுங்கள். 'யாரும் எட்டிப் பார்க்கல' என்று வைத்துக்கொள்வோம். கீழே பெயர் எழுதுங்கள். யார் வரவில்லை, யார் வந்தார்கள், எந்தத் தேதியில். எனக்கு அந்தப் பட்டியலில் வந்தவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். வராதவர்களில் மனதில் குத்தியது ஒரே ஒருவர், என் அண்ணன். ஆக அது அண்ணனோடு பேச வேண்டிய விஷயம், உலகத்தோடு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே போன் செய்தேன். கணக்குப் பார்த்தால் துக்கம் பொய்யாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்குப் பொய்யாகவில்லை. அதற்கு ஒரு பெயரும் அளவும் கிடைத்தன, அழவும் பேசவும் முடிந்தது.

அப்பா நோட்டு விஷயம் ஒரு நாள் அழுகையில் தீரவில்லை. அதற்காக ஜேம்ஸ் பென்னிபேக்கர் முறையைச் செய்தேன். அவரும் சாண்ட்ரா பீல் என்ற மாணவியும் 1986இல் வெளியிட்ட ஆய்வு அது. கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிஷம், மனதை ஆழமாகப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. ஆனால் எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் கனத்துத்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது முக்கியம். எழுதிய கையோடு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தால் இரண்டாவது நாளே விட்டுவிடுவோம்.

நான் சாயங்காலம் ஆறேமுக்காலுக்கு எழுதினேன், படுக்கும் நேரத்தில் இல்லை. அதே பின்வாசல் படி, ஆனால் விளக்கைப் போட்டுக்கொண்டு. போனில் 15 நிமிஷம் அலாரம். அடித்ததும் பாதி வாக்கியமாக இருந்தாலும் மூடிவிடுவேன். முதல் நாள் என்னை நானே திட்டி எழுதினேன், டிரங்கை ஏன் பரணில் வைக்கவில்லை என்று. இரண்டாம் நாளும் ஏறக்குறைய அதுதான். மூன்றாம் நாள், அப்பா கணக்கு எழுதும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாய்விட்டுக் கூட்டிச் சொன்னதை எழுதினேன். பெட்டியடியில் மண்ணெண்ணெய், மிளகாய், வெல்லம் எல்லாம் கலந்த ஒரு வாசனை இருக்கும். கூட்டுத்தொகை சரியாக இருந்தால் ஒரு பொட்டுக்கடலை உருண்டை கொடுப்பார். நாலாம் நாள் எழுதிய ஒரு வாக்கியம் இது: 'நான் கணக்கு வேலைக்குப் போனது சம்பளத்துக்காக என்று நினைத்திருந்தேன், அந்தப் பெட்டியடிக்காக என்று இப்போதுதான் புரிகிறது.'

பென்னிபேக்கர் பின்னாளில் அந்த எழுத்துகளைச் சொல் சொல்லாக ஆராய்ந்தார். நாட்கள் போகப் போக 'ஏனென்றால்', 'புரிகிறது' போன்ற சொற்கள் கூடிக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் பலன் அதிகமாக இருந்தது. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே மாதிரி எழுதியவர்களுக்கு அவ்வளவு இல்லை. என் பழைய நோட்டுக்கும் இந்த நாலு நாளுக்கும் இருந்த வித்தியாசம் அதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2006இல் இப்படிப்பட்ட 146 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சராசரியாகப் பலன் உண்டு, ஆனால் சிறியது என்றுதான் முடிவு வந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. காசு செலவில்லாத, நாலு நாள் விஷயம். ஆனால் ஒரு பெரிய அடி விழுந்த கையோடு இதில் உட்கார வேண்டாம். எனக்கு நடுவில் மூன்று மாதத்துக்கு மேல் போயிருந்தது. டிசம்பரில் இதைச் செய்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

தினசரிக்கு நான் வைத்திருப்பது வேறு, சின்னது. ராத்திரி மூன்று வரி. அன்றைக்கு நன்றாக நடந்த மூன்று விஷயம், பக்கத்திலேயே அது ஏன் நடந்தது. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இதை ஒரே ஒரு வாரம் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் சோர்வு குறைந்தே இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குப் பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குப் பலன் கூடுதல். நன்றிப் பட்டியல் என்று பலர் இதைச் செய்வதைப் பார்க்கிறேன். 'நல்ல குடும்பம், நல்ல உடம்பு, கடவுள் அருள்' என்று தினமும் அதையே எழுதுகிறார்கள். அதுவும் மொத்தத் தொகைதான், பிளஸ் பக்கத்து மொத்தத் தொகை. அதில் நான் நம்பிக்கை வைக்கவில்லை. இந்தப் பயிற்சியின் உயிர் அந்த 'ஏன்' என்ற பத்தியில்தான் இருக்கிறது.

என் நோட்டிலிருந்து ஒன்று சொல்கிறேன். ஏப்ரல் 9. 'கடைப் பையன் டீ வாங்கி வந்தபோது எனக்கு மட்டும் சர்க்கரை கம்மி. ஏன்? மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு தடவை சொன்னேன், அவன் ஞாபகம் வைத்திருக்கிறான்.' அதை எழுதும்போதுதான் உறைத்தது. ஜனவரியிலிருந்து தினமும் அவன் அப்படித்தான் கொண்டுவந்திருக்கிறான். 'யாரும் எட்டிப் பார்க்கல' என்று நான் மூழ்கிக் கிடந்த அத்தனை நாளும் ஒருத்தன் என் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருந்தான்.

நர்ஸ் அக்கா கேட்டாரே, பாரம் எங்கே என்று. அதையும் எழுதிப் பார்த்தேன். 'நெஞ்சுக்குழிக்கு மேலே, நடுவில், ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி, சாயங்காலம் கூடுகிறது, குளித்தால் குறைகிறது.' எழுதி முடித்ததும் அம்மா ஞாபகம் வந்தது. அம்மா விளக்கு வைக்கும்போது அப்பர் பாடிய முதல் பதிகத்தைச் சொல்வாள். பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில் அவர் சூலை நோயோடு வந்து பாடியது. சின்ன வயதில் எனக்கு அது வெறும் சாமி பாட்டு. இப்போது கேட்டால், முதல் பாட்டிலேயே அவர் வலிக்கு முகவரி சொல்கிறார்: வயிற்றுக்குள், குடலோடு பிணைத்து முடக்குகிறது, தாங்க முடியவில்லை என்று. உடம்பில் எங்கே, எப்படி என்று சொல்லித்தான் தொடங்குகிறார். எங்கள் பக்கத்து மனிதர் ஒருவர் ஏழாம் நூற்றாண்டிலேயே செய்தது அது.

ரொம்பவும் நொந்துபோன நாட்களில் 'நான்' என்று எழுதாமல் 'நீ' என்று எழுதுவேன். ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2014இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். தன்னைத் தானே பெயர் சொல்லியோ 'நீ' என்றோ அழைத்து யோசித்தவர்கள், பதற்றமான நேரத்தில் 'நான்' என்று யோசித்தவர்களைவிட நிதானமாக இருந்தார்கள். நான் என் அத்தை குரலில் எழுதுவேன். 'என்னடி இப்படி உக்காந்திருக்க. மூணு நாளா தலை வாரல. மொதல்ல எழுந்து வாரு, மத்தத அப்புறம் பாப்போம்.' அத்தை போய் எட்டு வருஷமாகிறது. அந்தக் குரலை எழுதினால் கால் தானாக எழுந்துவிடுகிறது.

பாதி ராத்திரி முழிப்புக்கு நாளைய வேலைச் சீட்டு. 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில், படுக்கும் முன் ஐந்து நிமிஷம் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முந்தைய சில நாட்களில் செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். 'கேஸ் பார்க்கணும்' என்று எழுதக் கூடாது. 'காலை 10 மணிக்கு கேஸ் ஏஜென்சிக்கு போன்' என்று எழுத வேண்டும்.

ஏப்ரலில் கடை வேலையாகப் புதுச்சேரி போனேன், ஒரு மொத்த வியாபாரியோடு பாக்கி ஒத்துப் பார்க்க. ரெட்டிச்சாவடி, முள்ளோடை, அரியாங்குப்பம் என்று பஸ் போகப் போக, பல மாதம் கழித்து வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன். வேலை சீக்கிரம் முடிந்தது. பெரிய மார்க்கெட்டிலிருந்து ரங்கப்பிள்ளை வீதிக்குள் நடந்தேன். பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அங்கேதான் இருக்கிறது. 1736இலிருந்து 1761 வரை, இருபத்தைந்து வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அதற்கு அவர் வைத்த பெயரே 'தினப்படி சேதிக் குறிப்பு'. தினப்படி என்பது எங்கள் கணக்குச் சொல். இந்தத் தெருவில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், அதை யோசித்ததில்லை.

அவர் மனதைத் தேற்றிக்கொள்ள எழுதவில்லை. வியாபாரி, அரசியல் அறிந்தவர், தகவலுக்காக எழுதினார். ஆனால் ஒவ்வொரு நாளையும் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை போட்டுத் தொடங்குகிறார். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி போட்டு மரியாதை செய்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பதிலுக்குத் தான் என்ன சொன்னார். போர் நடந்த வருஷங்கள் அவை. 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களுக்குள் ஊரே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அப்படிப்பட்ட காலத்தில் இருந்த ஒருவர் 'எல்லாம் போச்சு' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் தேதி போட்டு எழுதினார். அந்த வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். மளிகைக் கடைப் பெட்டியடியில் குனிந்து உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு கண்ணுக்குள் வந்தது.

இதெல்லாம் எல்லாருக்கும் எப்போதும் பலிக்கும் என்று நினைத்து ஒரு தப்புச் செய்தேன். ஜூன் மாதம் என் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை, குழந்தை அழுதாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆசையாக ஒரு நோட்டு வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு வரி எழுதினாள். நாலும் தன்னைத் தானே திட்டி. கடைசி வரியில், தான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருக்கும் என்று இருந்தது. நர்ஸ் அக்காவிடம் ஓடினேன். அவர் என்னைத் திட்டினார். "கால் உடைஞ்சவகிட்ட நடந்து பழகுன்னு சொல்லுவியா? கெளம்பு மொதல்ல." அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரை தொடங்கியது, பக்கத்தில் யாராவது எப்போதும் இருந்தோம். இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நோட்டுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நர்ஸ் அக்கா என்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க சோர்வு, தூக்கமோ சாப்பாடோ கெட்டுப்போவது, வழக்கமான வேலையே ஓடாமல் போவது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். உயிரை விடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே. 14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை என் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

மிச்சமிருந்த நாலு நோட்டுகளையும் மொட்டை மாடியில், தாளுக்கு இடையில் செய்தித்தாள் வைத்து, பல நாள் நிழலில் காயவைத்தேன். ஓரமெல்லாம் பழுப்பாகி அலை அலையாக நிற்கிறது. ஆனால் படிக்க முடிகிறது. ஒரு பக்கத்தில், துவரம் பருப்புக்கும் சீயக்காய்க்கும் நடுவில், 'பாப்பாவுக்கு ரெயின் கோட்டு 85.00' என்று இருக்கிறது. பாப்பா நான்தான். காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன், அப்போதும் பாப்பாதான்.

ஐப்பசி பிறந்ததும் வீட்டை ஒழித்தோம். மகள் பரணில் ஏறி நின்றாள், நான் கீழிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். தாத்தா நோட்டு நாலையும் இரட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் நோட்டை நீட்டினேன். "இதுவும் மேலயா? நீ தினம் எழுதுவியேம்மா" என்றாள். "இது முடிஞ்சிடுச்சு. இனிமே புதுசு" என்றேன். வாங்கி, அந்த நாலோடு சேர்த்து வைத்தாள்.